அடியில் தமிழ் இல்லாத பலகை

ஜப்பான் கப்பலில் வேலைக்குச் சேர நரிக்குத் தீராத ஆசை. ஜப்பானிய எழுத்து வாசிக்கத் தெரிந்தவருக்குத்தான் இடம் என்றார்கள். குடியிருந்த வளையை விற்று, கொக்கிடம் படிக்கச் சேர்ந்தது.

ஹிரகானா என்ற முதல் எழுத்து வரிசை முடிந்ததும் கொக்கு கட்டகானா என்ற இரண்டாவது வரிசையை எடுத்தது. "இதுக்கும் அதே ஓசைதான், உருவம் மட்டும் வேற."

"ஒரே சரக்கை ரெண்டு தடவை தலையில கட்டப் பாக்குறியா?" என்று எகிறியது நரி. எரிச்சலில் ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் தமிழில் ஓசையைக் கிறுக்கிவைத்து, அதைப் பார்த்துக் கடகடவென்று வாசித்தது.

"நரியண்ணே, அடியில இருக்கறதை மறைச்சிட்டுப் படிங்க," என்றது கொக்கு.

"வாசிக்கிறேன்ல? உன் வேலையைப் பாரு."

தேர்வு நாளில் கப்பல் வாசலில் ஆளெடுக்கும் ஆமை ஜப்பானிய எழுத்துப் பலகை ஒன்றை நீட்டியது. பழக்கதோஷத்தில் நரியின் கண் எழுத்துக்கு அடியில்தான் போனது. அங்கே வெறும் மரம்.

"ஐயா, அடியில கொஞ்சம் தமிழ்ல எழுதிக் குடுங்களேன். பாதி எழுத்துக்காவது..." யாரிடமும் இறங்காத வாய் கெஞ்சியது.

"அடுத்த ஆள் வாங்க," என்றது ஆமை.

கப்பல் நகர்ந்தது. அதன் பின்புறத்தில் பெயரை ஜப்பானிய எழுத்தில் பெரிதாக எழுதியிருந்தார்கள். அது புள்ளியாகும்வரை நரி பார்த்துக்கொண்டே நின்றது. ஓர் எழுத்தும் வாயில் வரவில்லை.