மொட்டைக் கத்தி

சகலருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது: மான் இறைச்சியை வற்றலுக்குக் கீறக் கந்தவனத்தாரை விட்டால் இந்தப் பூமியில் ஆளில்லை. அறிவித்தவரும் கந்தவனத்தார்தான். போன மாரியோடு கை நடுங்கத் தொடங்கியதை மட்டும் அவர் அறிவிக்கவில்லை. இன்று ஒரு துண்டு செருப்புத் தடிப்பில் விழுந்தது, அடுத்தது கந்தலாக வந்தது. பக்கத்திலிருந்து உப்பும் மஞ்சளும் பிரட்டிய மனைவி நல்லம்மா இரண்டையும் கண்டாள்.

“இஞ்சேருங்கோ, கத்தி மொட்டையாப் போச்சுது போல.”

“அதுதானே பார்த்தன்! நீ தேங்காய் கொத்தியிருப்பாய்.”

“ஓமப்பா, என்ர பிழைதான்.”

அவர் பெரிய உற்சாகத்தோடு கல்லை நனைத்துத் தீட்டினார். கழுவித் துடைத்து, துருப்பிடிக்காமலிருக்கத் தேங்காயெண்ணெயும் பூசினார். அதற்குள் நல்லம்மா மீன் வெட்டும் கத்தியால் மிச்ச இறைச்சி முழுவதையும் மெல்லியதாகக் கீறிக் கொடியில் போட்டுவிட்டாள்.

கந்தவனத்தார் நிமிர்ந்து கொடியைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பாராமல் கேட்டார்.

“அடுத்தமுறையும் கத்தி மொட்டையாத்தான் இருக்குமே, நல்லம்மா?”

“இருக்கும்” என்றாள்.

அந்தக் கத்தி காலையிலேயே தாடி வழிக்கும் கூராக இருந்தது.