மாடத்துச் சூசையப்பர்

சிகந்திராபாத்தில் பிரெஞ்சுப் பாதிரியார்கள் நூற்றைம்பது வருடம் முன்பு கட்டிய கோயில். கூர்வளைவு ஜன்னலின் நீலக் கண்ணாடி வழியே இறங்கும் வெயில், பிரான்சிலிருந்து கப்பலில் வந்த மாடத்துச் சுரூபத்தின் முகத்தில் விழுகிறது. ஏணியில் நின்று, கோயிலைச் சுத்தம் செய்யும் பையன் பிளஸ்ஸன் அதன் மோவாயை ஈரத்துணியால் துடைக்கத் துடைக்க, சூசையப்பரின் கறுத்த தாடி கரைந்து வழிகிறது. தாடி இல்லை, வருடக்கணக்கில் படிந்த மெழுகுவத்திப் புகைக்கரி. உள்ளே ஓர் இளம்பெண்ணின் முகம். கீழே நிற்கும் மரியபுஷ்பத்துக்கு ஒன்றும் புரியவில்லை. இந்தச் சூசையப்பரிடம் நேர்ந்துகொண்ட பிறகுதான் அவளுக்குப் பிள்ளை பிறந்தது. சூசை என்று பெயரும் வைத்தாயிற்று. “அப்போ எனக்குப் புள்ள குடுத்தது யாருடா?” பிளஸ்ஸன் துணியைப் பிழிகிறான். அவள் கை பழக்கத்தில் தீக்குச்சியை உரசுகிறது. “நக்கோ ஆன்ட்டி, வேணாம்! மறுபடி தாடி வந்துரும்.” “வரட்டும்டா,” என்று மெழுகுவத்தியை அந்த மோவாய்க்கு நேர் கீழே வைக்கிறாள்.