வில்லனின் வலது கை

"கையைக் கொடுங்க சார்" என்று சொல்லிவிட்டாளே தவிர, அந்தக் கையைத் தொட அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் ஒரு காலத்தில் திரையில் வந்தாலே குழந்தைகள் அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட வில்லன். இப்போது பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. விரல்களை மறுபடி அசைய வைக்கத்தான் அவளுடைய ஃபிசியோதெரபி அறைக்கு வந்திருந்தார்.

நரம்பு புடைத்த, சாதுவான கை. அந்தக் கைதான் இத்தனை வருடமாக அவள் கனவில் வந்து வாயைப் பொத்துகிறது.

ஆறு வயதில் ஊருக்கெல்லாம் அவள் 'பொக்கை'. முன்பல் இரண்டும் விழுந்த வாயோடு அவள் சிரித்த ஒரு படம் ஓடு ஓடென்று ஓடியது. பல் முளைத்தது, வாய்ப்பு விழுந்தது. பயம் மட்டும் கூடவே தங்கிவிட்டது.

பின்னாலிருந்து ஒரு கை வாயைப் பொத்தும். அப்படியே தூக்கிக்கொண்டு போய் ஓர் அலமாரிக்குள் திணிக்கும். சாவி திரும்பும். கும்மிருட்டு. 'சத்தம் வந்துச்சு, அப்புறம் அம்மாவைப் பார்க்கவே முடியாது' என்று வெளியே யாரோ கிசுகிசுப்பார்கள்.

"அது ஷூட்டிங்டா கண்ணு" என்பார் மாமா. அம்மாவின் தம்பி. அந்த நாளில் அவளுடைய கால்ஷீட்டையெல்லாம் கவனித்துக்கொண்டவர் அவர்தான். "வில்லன் உன்னைக் கடத்திட்டுப் போய் அடைச்சு வைக்கிற சீன். நிஜம்னு நெனச்சுப் பயந்துட்டே. அந்தப் படத்தை மட்டும் பார்த்துத் தொலைக்காதே, பயம் இன்னும் அதிகமாயிடும்."

அவள் பார்க்கவே இல்லை. லிஃப்டில் ஏறமாட்டாள். குளியலறைக்குத் தாழ்ப்பாள் போடமாட்டாள். விளக்கை அணைத்தால் மூச்சு முட்டும். "வெளிச்சத்துலயே எத்தனை வருஷம்தான் தூங்கறது?" என்று சலித்துக்கொண்ட கணவன், ஒருநாள் பெட்டியோடு கிளம்பிப் போனவன் போனவன்தான். அவளுக்கு மிச்சமிருப்பது ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகளும் மாமாவும் மட்டுமே.

"என்னம்மா, உன் கை இப்படி நடுங்குது? வியாதி எனக்கா, உனக்கா?" பெரியவர் சிரித்தார்.

அவள் மஞ்சள் ரப்பர் பந்தை அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். சில்லென்றிருந்தன. அவளுக்கு முதுகெல்லாம் வியர்த்தது.

மேஜை மேல் செல்போன் அதிர்ந்தது. மாமா.

"பாப்பாவை ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வந்துட்டேன். விளம்பரக் கம்பெனிக்காரங்க இப்ப வந்துடுவாங்க. இவ என்னடான்னா, நடிக்கமாட்டேன்னு அழுது ஆர்ப்பாட்டம் பண்றா."

"பிடிக்கலைன்னா விட்டுடுங்க மாமா."

"குழந்தைன்னா அப்படித்தான். நீ நிம்மதியா வேலையைப் பாரு, நான் பார்த்துக்கறேன்." வைத்துவிட்டார்.

மாமா இல்லாவிட்டால் தன் கதி என்ன என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பே கொஞ்சம் தெம்பைக் கொடுத்தது. இன்று கேட்காவிட்டால் இனி என்றைக்குமே கேட்கப்போவதில்லை.

"சார்... நான்தான் பொக்கை."

பெரியவரின் கோணிய வாய் அகலமாக மலர்ந்தது. "அடி என் தங்கமே! நீயா? பல்லெல்லாம் முளைச்சு எப்படி வளர்ந்துட்டே! முதல் நாள் நடிக்கமாட்டேன்னு என்னா அழுகை, என்னா அடம்! டைரக்டரே தலையில கை வெச்சு உட்கார்ந்துட்டார். உங்க மாமாதான் உள்ளே கூட்டிட்டுப் போய் என்னமோ சொல்லிச் சமாளிச்சார். வெளிய வந்தப்புறம், அப்பப்பா, நீ சமத்துன்னா அப்படி ஒரு சமத்து!"

ஆசி சொல்வதுபோல் இடது கையை அவள் தலையை நோக்கி நீட்டினார். அவள் பதறிப் பின்வாங்கிச் சுவரில் முட்டிக்கொண்டாள். பந்து உருண்டு கட்டிலுக்கடியில் போனது.

அவர் கை அந்தரத்தில் நின்றது. "என்னம்மா... என்னைக் கண்டா பயமா?"

"உங்க மேல கோபம் இல்ல சார். நடிப்புதான்னு எனக்கும் தெரியும். ஆனா, என் வாயைப் பொத்தித் தூக்கிட்டுப் போய் அலமாரிக்குள்ள போட்டுப் பூட்டுவீங்களே, அந்த சீன். அதுலேர்ந்து என்னால இன்னிக்கு வரைக்கும் வெளிய வர முடியல. அதை எடுக்கும்போது சுத்தி யாருமே இல்லியா? ஒருத்தராவது, 'பயப்படாதே பாப்பா, சும்மா நடிப்பு'ன்னு எங்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

பெரியவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது. நெற்றியைச் சுருக்கி எதையோ தேடினார்; தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

பிறகு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அந்தப் படத்துல அப்படி ஒரு சீனே கிடையாதேம்மா!"