பக்கத்துக் குழி

ஞானசிகாமணியை அடக்கம் செய்த கல்லறைக்குப் பக்கத்திலேயே இன்னொரு குழியும் கட்டிவைத்திருந்தான் மகன் ஜெபசிங். அது அம்மா எப்சிபாய்க்கு. நாற்பது வருடம் புருஷனிடம் அடி வாங்கியவள் அதை எட்டிப் பார்த்தாள்.

“கடைசி நாள்ல எக்காளம் ஊதுற வரைக்கும் அவருக்குத் தூக்கந்தாம்மா. நீங்களும் இங்கயே தூங்கி, ஒண்ணா எழும்புவீங்க,” என்றார் போதகர்.

“எழும்புனதும் இவரு மூஞ்சியிலயா முழிக்கணும்? என்னைய அந்தச் சுவரோரமாப் போடுங்க.”

ஜெபசிங் பல்லைக் கடித்தான். “ஊரு சிரிக்கும். நீ தூங்கினப்புறம் உனக்கு என்ன தெரியப்போவுது? இங்கதான் வைப்பேன்.”

மறுநாள் காலையில் அவள் கொத்தனாரைக் கூட்டிவந்து, அந்தக் குழி நிறைய ஜல்லியும் சிமெண்டும் கொட்டச் சொன்னாள். சாயங்காலம்வரை வெயிலில் நின்று, இறுகிவிட்டதா என்று காலால் மிதித்துப் பார்த்த பிறகே வீட்டுக்குக் கிளம்பினாள்.