குணசீலன் சோதித்த டிரைவர்

உலக மக்கள் அனைவருக்கும் தெரிவிப்பது என்னவென்றால், கட்டற்ற இயங்குதளம் ஒன்றில் அறுபது ஆண்டுகள் உழைத்த ஒரு நெட்வொர்க் கார்டு டிரைவர், அதாவது கார்டை இயக்கும் நிரல், இன்றோடு நவீனமாகிவிட்டது.

புதிய நிரலை எழுதியவை இயந்திரங்கள், சரிபார்த்தவையும் இயந்திரங்கள். ஆனாலும் அசல் கார்டில் ஒரு மனிதர் ஓட்டிப் பார்த்து, 'சோதித்தேன்' என்று பெயர் போட்டால்தான் இயங்குதளத்தில் சேர்க்கலாம் என்பது விதி. இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை அந்த இயந்திரங்கள் டிரைவரையே தூக்கிவிடும். அந்தக் கார்டு உலகத்தில் ஒரே இடத்தில்தான் மிச்சமிருந்தது: சிவகாசியில், குணசீலனின் காலண்டர் அச்சகத்தில். கணினியிலிருந்து அச்சு இயந்திரத்துக்குப் படம் போவதே அதன் வழியாகத்தான். டிரைவர் போனால் பிழைப்பும் போச்சு.

அச்சை நிறுத்திவிட்டுச் செவ்வாய் முதல் மூன்று நாள் சோதித்தார் குணசீலன். திரையில் 'பிழைகள்: பூஜ்யம்' என்று வந்தது. பெயரைப் போட்டார். நானூறு இயந்திரங்கள் பாராட்டு அனுப்பின. ஒன்று 'மனித விழிப்புக்கு ஈடில்லை' என்று கட்டுரையே எழுதிவிட்டது. அதை மனைவி ஜெயக்கொடிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கு. ஏங்க, அந்தக் கார்டுல மாட்டுற நீல வயர் எதுக்கு ஜன்னல்ல கெடக்கு?"

"எப்பருந்து கெடக்கு?"

"திங்கக்கிழம கூட்டும்போது நாந்தான் கழட்டி வச்சேன். விழிப்பா மாட்டியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

ஒன்றுமே போகாத கார்டில் பிழை எங்கிருந்து வரும்?

"யார்ட்டயும் சொல்லிராத."

"யார்ட்ட சொல்ல? அங்க எல்லாம் மெஷினுதானே."

குணசீலன் வயரைச் செருகினார். டிரைவர் ஒழுங்காக வேலை செய்தது.