அறுபட்ட ஹேண்டில்

"யார் என் ஹேண்டிலை அறுத்தது?"

சாய்கல் போட்ட கூச்சலில், கூடாரத்துக்குள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"நான்தான்" என்றாள் மெக்கானிக் புருல். வீராங்கனைகளுக்கெல்லாம் அவள் 'எஜே', அதாவது அக்கா. ரம்பம் இன்னும் கையில் இருந்தது.

கராகோல் மலைச்சரிவில் சைக்கிள் பந்தயம் தொடங்கச் சற்று நேரமே இருந்தது. முதலில் வரும் பெண்ணுக்குத் தேசிய அணியில் இடம். அந்த ஓர் இடத்துக்கு முட்டிமோதியவர்கள் இரண்டே பேர். ஒருத்தி சாய்கல். இன்னொருத்தி அய்ச்சுரோக், இதே புருலின் மகள்.

மேசைமேல் கறுப்புக் கார்பன் ஹேண்டில் துண்டு துண்டாகக் கிடந்தது.

"அது தெமிர்லானோட ஹேண்டில், எஜே! சாம்பியன் ஹேண்டில்! எனக்குத் தெபெரிக்கா குடுத்தான்!"

கூடாரத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஜெயித்தவர் கைபட்ட பொருளைத் தெபெரிக்காக வாங்கிக்கொண்டால் அவருடைய ராசியும் கூடவே வரும். அதைத் தட்டிப் பார்ப்பதே மரியாதைக் குறைவு. அறுப்பதா?

"போன வாரமே சொன்னேனா இல்லையா? தெமிர்லான் இதை வெச்சுக்கிட்டுப் பாறையில விழுந்திருக்கான். உள்ளுக்குள்ள விரிசல் விட்டிருக்கும்னேன்."

"விழுந்த பிறகும் இதை வெச்சுத்தான் ஜெயிச்சான்."

"அது அவன் நல்ல நேரம்."

"என் நல்ல நேரத்தைத்தான் நீங்க அறுத்துட்டீங்களே!"

"பெத்த மனசு வேற என்ன செய்யும்?" என்றார் தேநீர்க் கிண்ணக்காரர் ஒருவர், யாரையும் பார்க்காமல். இரண்டு பேர் சிரித்தார்கள்.

சாய்கலின் குரல் உடைந்தது. "சந்தேகம்னா கழட்டி ஓரமா வெச்சிருக்கலாமே எஜே. எதுக்கு அறுக்கணும்?"

"முழுசா இருந்தா நீயே திரும்ப மாட்டிக்குவே. நீ விட்டாலும் இன்னொருத்தன் எடுத்து மாட்டுவான். சாம்பியன் ஹேண்டிலாச்சே! பெரியவங்க செத்த வீட்டுல துணியைக் கிழிச்சுத்தானே தெபெரிக்கா பங்கு குடுக்கிறோம்? ஆளுக்கொரு துண்டு எடுத்துக்குங்க. பையில போட்டுக்குங்க. அதைப் பிடிச்சுக்கிட்டு மலை இறங்காதீங்க."

சாய்கலின் சைக்கிளில் வேறொரு அலுமினிய ஹேண்டில் மாட்டியிருந்தது. பழசு. ஓரங்களில் சாயம் உதிர்ந்திருந்தது.

"இந்த இரும்பை வெச்சுக்கிட்டா நான் ஜெயிக்கணும்?"

"அலுமினியம். உன்னோட பழைய ஹேண்டிலும் இதே ரகம்தான். நீ விழுந்ததும் வளைஞ்சு காட்டுச்சு, இல்லையா? கார்பன் காட்டாது. கடைசி வரைக்கும் புதுசு மாதிரி மினுக்கிக்கிட்டு நிக்கும். அப்புறம் ஒரேயடியா ஒடியும். அறுந்து நிக்கிற கடிவாளத்தோட குதிரை ஏறுவியா நீ?"

"நல்ல கடிவாளத்தை அறுத்துப் போட்டுட்டு என்கிட்ட கேள்வி வேற! என் சைக்கிளுக்குப் பொருந்துற ஹேண்டிலுக்கு அவ்வளவு தூரம் பிஷ்கெக்குக்குத்தான் போகணும். இதை எந்தக் குப்பையில பொறுக்கினீங்க?"

புருலின் கை ஒரு கணம் நின்றது.

"கிடைச்சுது. பொருந்துது. போய் ஓட்டு."

ஒரு துண்டைப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு சாய்கல் மேலே போனாள். புறப்படும் இடத்தில் அவளால் நிற்க முடியவில்லை. பிரேக்கை அழுத்தினாள், விட்டாள். மறுபடி அழுத்தினாள். ஹேண்டிலை இப்படியும் அப்படியும் முறுக்கிப் பார்த்தாள். அசையவில்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஒலிபெருக்கி அய்ச்சுரோக்கின் பெயரைக் கூப்பிட்டது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டது. ஆளைக் காணோம்.

"அம்மா அறுத்துக் குடுத்தும் பொண்ணுக்குத் தைரியம் வரலையே!" என்று யாரோ கத்த, வரிசை முழுக்கச் சிரித்தது. சாய்கலும் சிரித்தாள்.

அப்புறம் மலை. வேர்கள், சரளை, மூச்சு. பெரிய பாறையிலிருந்து குதித்து இறங்கியபோது அதிர்ச்சி மணிக்கட்டில் ஏறித் தோள்வரை போனது. மொத்த எடையும் அந்தப் பழைய ஹேண்டில்மேல் விழுந்தது. அது தாங்கியது.

அவள்தான் முதல்.

கட்டிப்பிடித்தார்கள். குமிஸ் கிண்ணத்தை நீட்டினார்கள். குதிரைப்பால் புளிப்பு தொண்டையில் இறங்கியும் அவளுக்கு நிலைகொள்ளவில்லை. பையிலிருந்த துண்டை எடுத்தாள். வெளியே கீறல்கூட இல்லை. அறுத்த வாய்க்குள் பார்த்தாள். உட்சுவர் நூல் நூலாகப் பிரிந்து, நகம் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது.

பாறை நினைவுக்கு வந்தது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடாரத்துக்கு ஓடினாள். புருல் இல்லை. பின்பக்கம் அய்ச்சுரோக் மட்டும் உட்கார்ந்து குருத் என்னும் உலர்தயிர் உருண்டையைக் கடித்துக்கொண்டிருந்தாள். நெஞ்சில் பந்தய எண், மடியில் தலைக்கவசம்.

"எங்கடி போனே? மைக்ல அத்தனை தடவை கூப்பிட்டாங்களே!"

"கேட்டுச்சு எஜே."

"கேட்டுமா வரலை? அவ்வளவு பயமா?"

அய்ச்சுரோக் வாயிலிருந்த குருத்தை மென்று விழுங்கினாள். பக்கத்தில் கிடந்த ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"நல்லா ஓட்டினீங்க எஜே. என் ஹேண்டிலைக் கழட்டிக்கட்டுமா? நான் வீட்டுக்குச் சைக்கிள்லதான் போகணும்."