அந்தப் பையன் எழுதின டேட்டாபேஸ்

"இதை மட்டும் தூக்கச் சொல்லாதீங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையிலிருந்த அக்கா, கம்ப்யூட்டர் திரையைக் கையால் மறைத்துக்கொண்டாள். நோயாளிகளின் விவரங்களைச் சேமித்து வைக்க எந்த டேட்டாபேஸ் சரிவரும் என்று பார்த்துச் சொல்ல வந்திருந்த இன்ஜினியர் பெண் சிரித்துவிட்டாள். பக்கத்தில் நின்ற மேலாளர் சிரிக்கவில்லை.

"தூக்கித்தான் ஆகணும். போன வாரம் நடந்ததைச் சொல்லுங்க மேடம்."

அக்கா முணுமுணுத்தாள். "ஒரு பெரியவருக்கு ஒரு மருந்து ஒத்துக்காதுன்னு நான் பதிஞ்சேன். அதே நேரம் டாக்டர் ரூம்லயும் அவர் பக்கத்தைத் திறந்து ஏதோ எழுதினாங்க. நான் எழுதினது காணாமப் போச்சு."

"ஊசி போடறதுக்கு முன்னாடி டாக்டர் ஒரு வார்த்தை கேட்டதால மனுஷன் தப்பிச்சாரு," என்றார் மேலாளர். "ரெண்டு பேர் ஒண்ணா எழுதினா என்ன ஆகும்னு இதைச் செஞ்சவன் யோசிக்கவே இல்ல."

"அந்தப் பையனைப் பத்திப் பேசாதீங்க!" அக்காவுக்குச் சுர்ரென்று வந்தது. இன்ஜினியர் பக்கம் திரும்பினாள். "அப்ப இங்க ஒரே மேசை, ஒரே கம்ப்யூட்டர். ஒரு ஸ்டூலைப் போட்டுக்கிட்டு, நான் வேலை செய்யறதையே பார்த்துட்டு இருப்பான். என் கண்ணாடி உடைஞ்ச மறுநாள், நான் கேட்காமலே எழுத்தையெல்லாம் பெருசாக்கி வெச்சிருந்தான். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேச வராது. ஆனா எனக்கு எது கஷ்டம்னு அவனுக்குத் தெரியும். இப்ப யாருக்கும்மா அதெல்லாம் தெரியுது?"

மேலாளர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "கத்துக்குட்டிப் பய."

"தங்கமான பையன்!"

இன்ஜினியர் இதமாகச் சொன்னாள். "அக்கா, இந்த ஒரு இடம் மட்டும்னா இதையே சரிபண்ணிக் குடுத்துடுவேன். பெருசா வேற எதுவும் தேவையே இல்ல. ஆனா இன்னும் ரெண்டு கிளை திறக்கறீங்க. எல்லா ஊர்லேர்ந்தும் ஒரே நேரத்துல எழுதுவாங்க. அதுக்கு எல்லாக் கிளைக்கும் பொதுவா ஒரு சர்வர்ல ஓடற பெரிய டேட்டாபேஸ்தான் தாங்கும். ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் அழிக்காம அது பார்த்துக்கும்."

அக்கா திரையைப் பார்த்தாள். ஊசிக்குத் தப்பிய பெரியவரின் முகம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கையை எடுத்தாள்.

"மாத்திடுங்க."

மேலாளர் விடுவிடுவென்று வெளியே போய்விட்டார்.

இன்ஜினியருக்கு மனசு கேட்கவில்லை. "அந்தப் பையன் இப்ப எங்கக்கா இருக்காரு? தேடிப் பார்க்கட்டுமா?"

"எங்க போவான்?" அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலைக் காட்டினாள். "தன்னைத்தானே திட்டித் தீர்த்துட்டுப் போறாரே, என் வீட்டுக்காரர், அவர்தான்."